வடிகூடை சுத்தமாக இருந்தது

வெள்ளிக்கிழமை காலை கல்முனையில் றஞ்சிதமலரின் வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு வந்த சிபானாவின் கால்களில் ஒன்றுக்கொன்று சேராத இரண்டு செருப்புகள் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது மகளுடையது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்தவளுக்கு வழி நெடுக ஒரே நினைப்புத்தான். ஜும்மா தொழுகை முடிந்ததும் அவள் கணவன் ஜெஸீம் கடலுக்குப் போகப்போகிறான். போனால் இந்தத் தரம் திரும்பி வரமாட்டான்.

றஞ்சிதமலர் பொலிசில் சப்இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது சட்டத்தரணிகளும் காப்புறுதிக்காரர்களும் கொடுக்கும் விசாரணைகளைச் செய்துகொண்டிருந்தார். குரலை உயர்த்தாத மனுஷி. எதிரில் இருப்பவர் எவ்வளவு பதறினாலும் அவர் தேநீர் ஆற்றும் வேகம் மாறாது. அவருக்கு வலக்கையாக இருந்தவன் றினாஸ்; முச்சக்கர வண்டி ஓட்டுபவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவனுக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளைக்கு வந்துவிடும்.

"அக்கா, என்ட மாப்பிள்ளைய ஆரோ கொல்லப் பாக்காங்க," என்றாள் சிபானா. "போட்டில என்னமோ செஞ்சி வெச்சிரிக்காங்க. ரெண்டு தரம் தப்பி வந்தாச்சி. இனி என்ன நடக்குமோ தெரியா."

"ஆரு அவன்?" என்று முந்திக்கொண்டான் றினாஸ்.

"முதல்ல அவ கதைக்கட்டும்," என்றார் றஞ்சிதமலர். "ஆறுதலாச் சொல்லு மகள். முதல் தரம் என்ன நடந்தது?"

ஜெஸீமுடையது ஒலுவில் துறைமுகத்திலிருந்து போய்ப் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பெரிய படகு. அதன் இயந்திரத்தைக் குளிரவைப்பது கடல்தண்ணீர். படகின் அடியிலுள்ள துவாரத்தால் உள்ளே வரும் தண்ணீர், குப்பையைத் தடுக்கும் வடிகூடையைக் கடந்து பம்புக்குப் போகும். பம்புக்குள் சுழலும் றப்பர் சக்கரம் அதைக் கூலருக்குள் தள்ளும். கூலர் என்பது ஒரு உருளைக்குள் அடுக்கிய மெல்லிய குழாய்க் கட்டு. இயந்திரத்தின் சூட்டை அங்கே வாங்கிக்கொண்டு, தண்ணீர் கடைசியில் புகைக்குழாயால் வெளியே துப்பப்படும். அந்தத் துப்பல் நின்றால் இயந்திரம் கொதிக்கும், கொதித்தால் இறுகிப்போகும். ஒரு கடற்காரனோடு வாழ்ந்தவளுக்கு இதெல்லாம் சோறு வடிப்பதைப்போலத் தெரிந்திருந்தது.

முதல் தரம் ஆழ்கடலில் றப்பர் சக்கரத்தின் இறக்கைகள் உடைந்துபோயின. ஜெஸீம் கைவசம் இருந்த புதுச் சக்கரத்தைப் பூட்டினான். அதற்குள் கச்சான் காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற அந்தச் சூட்டுக்காற்று, படகை வெகுதூரம் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. கரைக்குத் தகவலே இல்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்து, மையத்து கிடக்கும் சாவு வீட்டில் குந்துவதுபோலச் சுவரோரம் குந்தத் தொடங்கிவிட்டார்கள். படகு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் காட்சி சிபானாவின் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவர் தப்பி வந்த உடனே பள்ளி ஹஸரத்திட்டப் போய், இலந்தை இலை போட்டுத் தண்ணி ஓதி எடுத்த அக்கா. கண்ணூறு, செய்வினை எதெண்டாலும் போகட்டும் எண்டு. அவருக்குக் குளிக்கக் குடுத்த, ஒரு கேன் போட்டுக்கும் அனுப்பின. மறுகா அடுத்த பயணம்தான் இன்னும் மோசம். சக்கரம் புதுசி. வடிகூடையத் திறந்து பாத்தா பளிச்செண்டு கிடக்கு. அடி வால்வும் திறந்துதான் இரிக்கு. ஆனாத் தண்ணி நூலாட்டம் வருது, இஞ்சின் கொதிக்கிது. ஊர்ந்து ஊர்ந்து வந்து சேந்தாங்க. ஒரு பிழையும் இல்லாம எப்புடிக் கொதிக்கும்?"

"ஆர்ல சந்தேகம்?"

சிபானா தயங்கினாள். இரண்டு பெயர்கள் சொன்னாள். ஒருவர் மீராலெவ்வை, படகில் முன்பு பங்காளியாக இருந்து சண்டையில் பிரிந்தவர். 'அந்தப் போட் ஒரு நாளைக்குக் கரை சேராது' என்று தேநீர்க்கடையில் சொன்னாராம். மற்றவன் கிசோக், பாண்டிருப்புப் பொடியன், படகின் மெக்கானிக். இரண்டாம் தரத்துக்குப் பிறகு ஜெஸீம் அவனை ஏசி அனுப்பிவிட்டான். அவன்தான் இயந்திரத்தில் ஏதோ செய்துவிட்டான் என்று ஊரில் சிலர் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"மெக்கானிக்தான் அக்கா!" என்றான் றினாஸ், சாவியைக் கையில் எடுத்தபடி.

"ஓட்டோவ எடு, தம்பி. தீர்ப்பப் பிறகு பாப்பம்."

காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவிலுக்குப் போகும்வரை சிபானா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவள் அனுப்பிய ஓதின தண்ணீரின் நீலக் கேனைக் கச்சிமுகம்மது தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கயிறுகளையும் கால்களையும் விலக்கி, சுக்கான் அறைக்குள் கொண்டுபோய் உயரத்தில் வைத்தார். படகில் மூத்தவர் அவர்தான், எல்லாருக்கும் கச்சிக்காக்கா. ஒரு வக்துத் தொழுகையையும் தவறவிடாத பேணுதலான மனிதர். அவர் கூட இருக்கிறார் என்பதுதான் சிபானாவுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

றஞ்சிதமலர் சேலையைச் செருகிக்கொண்டு இயந்திர அறைக்குள் இறங்கினார். சிபானா மேலே மூடியோரம் மண்டியிட்டுப் பார்த்தாள். உள்ளே பகலிலும் கும்மிருட்டு, டோர்ச் வெளிச்சத்தில் எண்ணெய் பளபளத்தது. இந்தக் குழிக்குள் எங்கேயோதான் தன் கணவனின் மரணம் ஒளிந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

"உடைஞ்ச சக்கரம் இரிக்கா?" என்று கேட்டார் றஞ்சிதமலர்.

ஜெஸீம் அலுப்போடு ஒரு தகரப் பேணியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். ஆறு இறக்கை இருக்க வேண்டிய சக்கரத்தில் மூன்றுதான் மிச்சம்.

"மத்த மூணும்?"

"கடலோட போயிரிக்கும், அக்கா."

அவர் வடிகூடையின் மூடியைத் திறந்தார். கூடையில் ஒரு தூசி இல்லை. மூடியின் உட்பக்கத்தில், றப்பர் வளையத்தின் ஓரமாக, கடும்பச்சையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாசி," என்றான் றினாஸ்.

றஞ்சிதமலர் அதை நகத்தால் கிள்ளி ஒரு டிஷுவில் மடித்து வைத்துக்கொண்டார். மேலே ஏறி வந்து, "பயணத்த நாளைக்கு வெக்கேலாதா ஜெஸீம்?" என்றார்.

"ஐஸ் ஏத்தியாச்சி. ஆக்கள் சேந்தாச்சி. பொண்டாட்டி பயப்புடுறா எண்டு நிப்பாட்டினா இனி ஒருத்தனும் என்னோட கடலுக்கு வரமாட்டான்." அவன் சிபானாவின் பக்கம் திரும்பினான். "நீ எதுக்குத்தான் பயப்புடல்ல? முகில் கறுத்தாலும் பயம், காக்கா கத்தினாலும் பயம். உன்ட பயத்தக் கேட்டு நடந்தா நான் முட்டைக்கடதான் போடணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிபானாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மீராலெவ்வை படகுத்துறையின் மறுகோடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "சொன்னதான்," என்றார் நிமிராமலே. "முழுசாக் கேட்டுட்டு வந்தீங்களா? இஞ்சினப் பாக்காம மனிசர்ல குத்தம் பாக்கிறவன்ட போட் ஒரு நாளைக்குக் கரை சேராது எண்டு சொன்ன. அவன்ல கோவம் இரிக்கு, இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அதில ஆறு உசிர் போகுதே, தாயே."

கிசோக் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பட்டறையில் இருந்தான். சிபானாவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த சிபானாவுக்கு ஒன்று விளங்கியது: அவனும் பயந்துபோயிருந்தான். இரண்டு நாளாக வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாமென்று அவன் தாய் அழுகிறாளாம்.

"நான் ஒண்டும் செய்யல்ல அக்கா. போட் கரைக்கு வந்தா நல்ல தண்ணியால உள்ளுக்கக் கழுவுவன், உப்புப் பிடிக்காம இரிக்க. அவ்வளவுதான்."

"எப்பிடிக் கழுவிற?"

"அடி வால்வப் பூட்டி, வடிகூடையத் தூக்கி வெளியில வெச்சிட்டு, இஞ்சின ஓட விட்டு, கூடை இரிந்த கிண்ணத்துக்க வாளியால ஊத்துறது. பம்ப் இழுத்துக்கும். கச்சிக்காக்கா பக்கத்தில நிண்டு பாத்துப் பழகினவர், அவரிட்டக் கேட்டுப் பாருங்க."

"இவன் நல்லா நடிக்கிறான்," என்று வெளியே வந்ததும் கிசுகிசுத்தான் றினாஸ். "இல்லாட்டி மீராலெவ்வை. ரெண்டு பேரும் கூட்டாவும் இரிக்கலாம்."

"ரெண்டாம் பயணத்துக்கு முன்னால, போட் ஆக்கள் தவிர, அதில ஏறினவன் கிசோக் மட்டும்தான். சக்கரம் மாத்தினது ஜெஸீம். மீராலெவ்வை ஏறவே இல்ல," என்றார் றஞ்சிதமலர். "ஆனா எனக்கு இடிக்கிறது ஆள் இல்ல, தம்பி. பாசி."

ஜும்மா முடிந்து படகு புறப்பட்டுவிட்டது. சிபானா அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள்; உண்மையில் தனியாக அந்த வீட்டுக்குள் போக அவளுக்குப் பயம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கச்சான் எழும்பிவிட்டது. யன்னல் கதவு படாரென்று அடித்தது. அவள் துள்ளிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறையில் அம்மியின் மேல் பச்சையாக எதோ காய்ந்து கிடந்தது. கை கழுவப் போன றஞ்சிதமலர் அங்கேயே நின்றார். மடித்து வைத்த டிஷுவை விரித்தார். கிள்ளி எடுத்த பச்சை காய்ந்து, அதில் மெல்லிய நரம்பு ஒன்று தெரிந்தது.

"இது என்ன மகள்?"

"இலந்தை இலை, அக்கா. அரைச்சிப் போட்ட. போன தரம் கொஞ்சமாப் போட்டதாலதான் பலிக்கல்லயோ எண்டு இந்தத் தரம் இரட்டிப்பாப் போட்ட."

"போட்டில அத எங்க ஊத்துவாங்க?"

"ஓதின தண்ணியக் கால் படுற இடத்தில ஊத்தப்படாது, அக்கா. அழுக்கிலயும் படப்படாது. கச்சிக்காக்கா பேணுதலா, இடம் பாத்து..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. றஞ்சிதமலரின் முகத்தைப் பார்த்த அந்தக் கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. மீன் இரத்தமும் கால்களும் படும் தளம். எண்ணெய் மிதக்கும் அடித்தளம். கால் படாத, அழுக்கில்லாத இடம் அந்தப் படகில் எது? நல்ல தண்ணீர் ஊற்றுவதற்கென்றே அவர் பார்த்துப் பழகிய ஒரு கிண்ணம் இருந்தது.

"என்ட றப்பே. நானா?"

"அழுறதுக்கு இப்ப நேரமில்ல," என்றார் றஞ்சிதமலர். அவர் அவசரப்படுவதை றினாஸ் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தான். "சங்கக் கந்தோர்ல றேடியோ செட் இரிக்குத்தானே? வழியில கிசோக்க ஏத்து. மீராலெவ்வையையும் வரச் சொல்லு. ஆரைச் சந்தேகப்பட்டமோ அவங்க முன்னாலதான் அது பிழை எண்டு சொல்லவும் வேணும்."

படகுச் சங்கத்தின் கந்தோர் ஒரு சிறிய அறை. அதற்குள் கிசோக் ஒரு மூலையிலும் மீராலெவ்வை ஒரு மூலையிலும் நின்றார்கள். வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தக் காற்று எந்தத் திசைக்குத் தள்ளும் என்று அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். இரைச்சலுக்கு நடுவே ஜெஸீமின் குரல் வந்தபோது சிபானாவுக்கு மூச்சு திரும்பியது.

"ஜெஸீம், புகைக்குழாயால தண்ணி எப்பிடி வருது?" என்று கேட்டார் றஞ்சிதமலர்.

"மெலிஞ்சிதான் வருது. சூடும் ஏறுது. கரைக்கு ஆரும் சொல்லப்படாது எண்டு ஆக்களுக்குச் சொல்லியிரிந்தன்."

"கச்சிக்காக்கா கேன ஊத்திட்டாரா?"

இப்போது கச்சிமுகம்மதின் குரல். "துறைமுக வாயத் தாண்டின உடனே பிஸ்மி சொல்லி ஊத்தினன், தங்கச்சி. வடிகூடையில இரிக்கிற கடல் குப்ப ஓதின தண்ணியில படும் எண்டு, கிசோக் செய்றாப்போல அடி வால்வப் பூட்டி, கூடையத் தூக்கி வெளியில வெச்சிட்டு, பம்ப் இழுக்க இழுக்க ஊத்தின. போன தரமும் அப்புடித்தான். ஒரு சொட்டும் வெளியில சிந்தல்ல."

சிபானா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றார் றஞ்சிதமலர், ஒலிவாங்கியை அழுத்திப் பிடித்தபடி. "வடிகூடை சுத்தமா இரிந்தது. அதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாந்தம். கூடை சுத்தமெண்டா குப்பை வரல்ல எண்டு நினைச்சம். குப்பை கூடையத் தாண்டி வந்திச்சு எண்டு ஒருத்தரும் நினைக்கல்ல. மூடியில பச்சையா ஒண்டு ஒட்டியிரிந்தது. பாசி எண்டு றினாஸ் சொன்னான். பாசிக்கு வெளிச்சம் வேணும். பட்டப்பகல்ல டோர்ச் அடிச்சிப் பாக்கிற இருட்டுக் குழிக்க பாசி எப்பிடிப் பிடிக்கும்? அது இலை. கூடைக்க ஊத்தியிரிந்தா கூடையிலயே தங்கியிரிக்கும். கூடை இல்லாம ஊத்தினதால நேரா உள்ளுக்கப் போயிட்டு."

"அரைச்ச இலை கூலரால ஓடி வெளியில வந்திருமே," என்றான் றினாஸ். இந்த ஒரு தரம் அவன் கேட்டது நல்ல கேள்வி.

"வந்திருக்கும், வழி விட்டிருந்தா. முதல் பயணத்தில உடைஞ்ச இறக்கை மூணும் எங்க? கடலோட போயிரிக்கும் எண்டார் ஜெஸீம். கூலர்ட குழாய் விரல் மொத்தமும் இல்ல. றப்பர் அதுக்குள்ளால எப்பிடிக் கடலுக்குப் போகும்? குழாய் வாயில குறுக்கால நிக்கும். றப்பர் மட்டுமெண்டா தண்ணி கொஞ்சம் குறையும். அதில இலை வந்து படிஞ்சா அடைச்சிரும். போன தரம் பாதி அடைச்சது. இந்தத் தரம் இலை இரட்டிப்பு."

பிறகு ஜெஸீம் கேட்டான்: "அப்ப ஆரு செஞ்ச?"

அது திறந்த அலைவரிசை. கடலில் நிற்கும் அத்தனை படகுகளும் கேட்டுக்கொண்டிருக்கும். றஞ்சிதமலர் வாய் திறப்பதற்குள் சிபானா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு எதிரியும் இல்ல, மச்சான். கிசோக்கும் இல்ல, மீராலெவ்வைக் காக்காவும் இல்ல. ஹஸரத் உங்களுக்குக் குளிக்கத்தான் சொன்ன. போட்டுக்கும் ஊத்தினா என்ன எண்டு அனுப்பினது நான். இப்ப கிசோக் சொல்றதக் கேளுங்க."

கிசோக் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தான். "இஞ்சின நிப்பாட்டி ஆற விடுங்க, ஜெஸீம் நானா. அடி வால்வப் பூட்டுங்க. பூட்டாம மூடியக் கழட்டினா கடல் உள்ளுக்க வரும். மறுகா கூலர்ட முன் மூடி. போல்ட்ட ஒவ்வொண்டாக் கழட்டி ஒரு பேணிக்க போடுங்க, ஒண்டும் கீழ விழப்படாது."

"இந்தக் காத்தில இஞ்சின நிப்பாட்டச் சொல்றியா?"

"நீங்க நிப்பாட்டாட்டி அது தானா நிக்கும். மறுகா ஓடாது."

றேடியோ அடங்கியது.

சிபானாவின் வாழ்க்கையில் அதைப்போல ஒரு பயம் இருந்ததில்லை. இதுவரை அவளுக்கு வெறுக்க ஒரு மனிதன் இருந்தான், பெயர் தெரியாவிட்டாலும். அவன் பிடிபட்டால் பயம் தீரும் என்று நம்பினாள். இப்போது அப்படி ஒருவனும் இல்லை. இயந்திரம் நின்ற படகும் கச்சானும் அவள் கையால் அரைத்த இலையும்தான் இருந்தன. ஓதலாமென்று வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. றஞ்சிதமலர் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீராலெவ்வை யன்னலால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் குந்தவில்லை.

இரைச்சல் மறுபடி வந்தபோது எல்லாரும் ஒன்றாக முன்னே சாய்ந்தார்கள்.

"எடுத்தாச்சி!" ஜெஸீமுக்கு மூச்சு வாங்கியது. "கட்டிக் கட்டியாப் பச்ச. அதுக்க றப்பர். குழாயெல்லாம் கம்பியால குத்தி விட்டன். மூடியப் பூட்டி ஓட விட்டுட்டன். தண்ணி வருது, நல்லாத் துப்புது." அவனுக்குப் பின்னால் ஆட்கள் சிரிப்பதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வதும் கேட்டது. "கச்சிக்காக்கா அழுறார், பாவம். நீ பயப்புடாத, சிபானா. எல்லாம் சரி. நாங்க போறம்."

றினாஸ் கைதட்டினான். கிசோக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆனால் சிபானா ஒலிவாங்கியை விடவில்லை.

"எத்தனை துண்டு எடுத்த மச்சான்?"

"என்ன?"

"றப்பர். எத்தனை துண்டு?"

"ரெண்டு."

அவள் கிசோக்கைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையை ஆட்டினான்.

"அப்ப திரும்பி வாங்க."

"மறுகாவும் தொடங்கிட்டியா?"

"எனக்குப் பயம்தான். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா இதப் பயத்தில சொல்லல்ல." கந்தோரும் கடலும் கேட்க அவள் நிதானமாகச் சொன்னாள். "மூணு உடைஞ்ச, ரெண்டு வந்திரிக்கு. மத்தது உள்ளுக்க எங்கயோ கிடக்கு. நாளைக்கு ஆழத்தில வெச்சி அது குறுக்கால நிண்டா என்ன செய்வீங்க? ஐஸ் கரையட்டும். வாங்க."

சிரிப்புச் சத்தம் அங்கே நின்றுவிட்டது. பின்னால் கச்சிமுகம்மது ஏதோ சொல்வது தெளிவில்லாமல் கேட்டது. பிறகு அந்த இரைச்சலின் ஊடே இயந்திரத்தின் சத்தம் மாறியது. பாரமான ஒரு படகு காற்றை எதிர்த்துத் திரும்பும் சத்தம். அதைத் தெரிந்துகொண்ட மீராலெவ்வை யன்னலை விட்டுத் திரும்பினார்.

"கிசோக்கிட்டச் சொல்லு," என்றான் ஜெஸீம். "ஸ்பானர் பெட்டியோட துறையில நிக்கட்டும். திரும்புறம்."

ஒலிவாங்கியை மேசையில் வைத்த பிறகுதான் சிபானா அழுதாள். படகு கண்ணுக்குத் தெரியும்வரை ஒருவரும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.